தானாக வந்து சொன்னவர்கள்

ஆவடியில் ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கேட்டில் வேம்புலிக்குக் காவல் வேலை. வேலை என்றால் மனிதர்களைத் தடவிப் பார்ப்பது. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவன் ஃபிட்டராக இருந்தாலும் சரி, ஃபோர்மேனாக இருந்தாலும் சரி, வேம்புலியின் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். மிச்சம் வைத்த புளிச்சோற்றுக்குள் விரலை விட்டுத் துழாவுகிற உத்தியோகத்தில் என்ன பெருமை இருக்கிறது? காலையில் ஒன்றாக டீ குடித்தவனைச் சாயங்காலம் இடுப்பில் தட்டிப் பார்க்கிற பிழைப்பு. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தார்.

குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். அதில் ஒருத்தனுக்குக் காக்கிச் சட்டையும் குவார்ட்டர்ஸும் கிடைத்ததே பெரிய ஏற்றம் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். வேம்புலி நினைக்கவில்லை. தன் ஒரே மகன் தேவராஜ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவனை யாரும் தடவிப் பார்க்கக் கூடாது, அவனும் யாரையும் தடவிப் பார்க்கக் கூடாது. அவருடைய ஆசை அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இப்படிப்பட்ட ஆசைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் என்று ஒரே பெயர்தான். அதைப் படித்தவன் விமானம் ஏறுவான், படிக்காதவன் வீணாய்ப் போவான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அது என்ன சமாச்சாரம் என்று கேட்டால் ஊருக்கும் தெரியாது, வேம்புலிக்கும் தெரியாது. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கஜபதியிடம் பையனைக் கொண்டுபோய் விட்டார்.

"சம்பளம்லாம் வோணாம் அண்ணாத்தே. இஸ்கூல் உட்டு வந்து தொழில் கத்துக்கினா போதும்" என்றார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லும் தகப்பனை எந்த முதலாளிதான் திருப்பி அனுப்புவான்? கஜபதி பாக்கு மென்ற வாயோடு சிரித்துக்கொண்டே பையனைச் சேர்த்துக்கொண்டார்.

பையன் கெட்டிக்காரன். கஜபதி விரலால் காட்டினால் அவன் கையால் முடித்துவிடுவான். வசதியுள்ளவர்கள் வீடுகளில் அப்போதுதான் போன் வழியாக இன்டர்நெட் வர ஆரம்பித்திருந்தது. போன் கம்பியைக் கம்ப்யூட்டரில் சொருகினால் அது கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு உலகத்தோடு பேசும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு, அதைத் தட்டினால்தான் உள்ளே விடும். வீட்டுக்காரர்களுக்கு அதைத் தட்டவும் சோம்பல், பயம். "தம்பி, நீயே போட்டுக் குடுத்துடு" என்று பாஸ்வேர்டைப் பையனிடமே சொல்லிவிட்டுக் காபி குடிக்க உள்ளே போய்விடுவார்கள். சொந்தத் தம்பியிடம்கூடப் பீரோ சாவியைக் கொடுக்காத மனிதர்கள் இவர்கள்.

வேம்புலி ஏனோதானோ என்று பிள்ளை வளர்த்தவர் இல்லை. தினமும் தேவராஜ் வீட்டுக்கு வந்ததும் வாயை ஊதிக் காட்டச் சொல்வார். பையைக் கொட்டிப் பார்ப்பார். பீடி, சீட்டுக்கட்டு, கண்ட புத்தகம், யார் வீட்டிலிருந்தாவது கைமறதியாக வந்த ஸ்க்ரூ டிரைவர், எதுவும் இருக்காது. மனைவி சாமுண்டீஸ்வரி அடுப்படியிலிருந்து, "இங்கியும் கேட்டு டூட்டிதானா? புள்ளய துன்ன வுடுய்யா" என்பாள். அவர் நிம்மதியாகக் கை கழுவிக்கொண்டு உட்காருவார். ஆனால் பையன் அடுத்தவர் வீடுகளிலிருந்து எடுத்து வந்ததெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. அதைத் தட்டிப் பார்க்க எந்தக் கேட்டிலும் வழி கிடையாது.

அவர் பையனிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுண்டு. தப்பு செய்தால் வந்து சொல்லிவிட வேண்டும், சொன்னால் அடிக்க மாட்டார். சொன்னபடியே நடந்தும் காட்டினார். பக்கத்து பிளாக்கில் ஒரு ஜன்னல் கண்ணாடியைப் பந்தால் உடைத்துவிட்டுப் பையன் ஓடிவந்து சொன்னபோது, அடிக்காமல் கையைப் பிடித்து அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்த வீட்டு அம்மாள் பையனுக்கு முறுக்குக் கொடுத்து அனுப்பினாள்.

இந்தப் பாடத்தை அவர் கற்றது கேட்டில்தான். சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில், தீப்பிடித்தால் அள்ளிப் போட என்று மணல் நிரப்பிய ஒரு தொட்டி இருந்தது. ஏதோ ஒரு சபலத்தில் பித்தளைத் துண்டையோ போல்ட்டையோ இடுப்பில் சொருகிக்கொண்டு வருகிறவன், சோதனை வரிசையைப் பார்த்ததும் பயந்து, பீடி அணைப்பது போலக் குனிந்து அதைத் தொட்டியில் போட்டுவிடுவான். காவல்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். காலையில் பொருள் சத்தமில்லாமல் ஸ்டோருக்குத் திரும்பிவிடும். எந்தச் சட்டத்திலும் இது எழுதியிருக்கவில்லை, ஆனால் உள்ளே வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரியும். சோதனையில் பிடிபட்டவன் வேலை போய்த் தெருவில் நின்றான். தானாகப் போட்டவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று வேம்புலி மனதார நம்பினார். நல்ல மனிதர்கள் நம்புகிற விஷயம்தான். அதனால்தான் அது ஆபத்தானது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம் தேவராஜ் சோற்றில் கை வைப்பதை நிறுத்தினான். கடைக்குப் போகவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சாமுண்டீஸ்வரி யார் கண்ணோ பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். வேம்புலிக்கு அது கண் இல்லை என்று தெரிந்தது. இடுப்பில் எதையோ வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை மதியம் பையனைப் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடத்திப் போனார்.

கரையில் உட்கார்ந்ததும் தேவராஜ் கேட்டான். "நைனா, அடிக்க மாட்டல்ல?"

"எப்போடா அடிச்சிகீறேன்? சொல்லு."

அவன் சொன்னதில் பாதி வேம்புலிக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதும் என்று ஆகிவிட்டது. திருமுல்லைவாயிலில் செங்கல்வராயன் என்று ஒருவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் தோல் கையுறை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வீட்டில் இணைப்புக் கொடுத்தவன் தேவராஜ். கஜபதி வெளியே போகிற நேரமெல்லாம் அவருடைய பாஸ்வேர்டைப் போட்டுக் கடையிலிருந்து இன்டர்நெட்டுக்குள் போயிருக்கிறான். ஊர் பேர் தெரியாதவர்கள் கூடி அரட்டை அடிக்கும் இடம் ஒன்று அதில் இருக்கிறதாம். அங்கே கேப்டன் என்று ஒருவன் பழக்கமானான். அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் எப்படி நுழைவது என்று வித்தை சொல்லிக் கொடுத்தான். ஒரு நாள், நீ நிஜமான நண்பன் என்றால் ஒரு பாஸ்வேர்டு கொடு என்றான். தேவராஜ் செங்கல்வராயனுடையதைக் கொடுத்தான். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான்; அதை வைத்து கேப்டன் அவருடைய மெயிலைத் திறந்து, ஜெர்மனியில் அவரிடம் கையுறை வாங்கும் கம்பெனிக்கு அவர் எழுதியது போலவே அசிங்க அசிங்கமாக எழுதி, கொன்றுவிடுவேன் என்றும் மிரட்டி அனுப்பிவிட்டான். எதற்கு? சும்மா, விளையாட்டுக்கு. ஜெர்மன்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். பட்டறையில் தையல் மெஷின்களுக்குத் துணி போர்த்திப் பெண்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. செங்கல்வராயன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்து புலம்பியிருக்கிறார்.

வேம்புலி கேட்டார். "அந்தக் கேப்டன் எந்த ஊரு?"

"தெர்யாது நைனா."

"மூஞ்சியாவது பாத்துகீறியா?"

"அதுல மூஞ்சி தெரியாது. எழுதிக்கினேதான் பேசுவோம். இப்போ அவன் வர்றதே இல்ல."

"மூஞ்சி தெரியாதவனான்ட எதுக்குடா அடுத்தவன் ஊட்டு சாவிய குட்த்த?"

தேவராஜ் கரையிலிருந்த புல்லைப் பிடுங்கினான். "எனக்கு நல்ல மூள கீதுன்னு அவன் மட்டுந்தான் நைனா சொன்னான்."

வேம்புலிக்குச் சுருக்கென்றது. தினமும் பையனின் பையைக் கொட்டிப் பார்த்தவர், ஒரு நாளாவது அவன் என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்டதில்லை. கேட்டால் புரியாது என்று கேட்கவில்லை. பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே அழுதார். மேய்ந்துகொண்டிருந்த எருமைகளைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் கஜபதியிடம் போனார். கஜபதிக்கு விஷயம் ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பேசினார்.

"வாயத் தொறக்காதீங்க அண்ணாத்தே. போலீசுக்கு இதுல தலையும் புரியாது வாலும் புரியாது. செங்கல்வராயனுக்கு எம்மேலயும் சந்தேகம் இல்ல, பையன் மேலயும் இல்ல. கொஞ்ச நாள் போனா அவங்களே மூடிருவாங்க."

தன் கடைக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ளும் மனிதனின் பேச்சு இது என்று வேம்புலிக்குப் பட்டது. பட்டது சரிதான். கஜபதி அப்படிப்பட்ட ஆள்தான். ஆனால் அயோக்கியன் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று வேம்புலி எடுத்துக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரிக்கு வேறு யோசனை. "வேப்பம்பட்டுல எங்கண்ணன் ஊட்ல உட்டுட்டு வந்துடலாம்யா. கொஞ்ச நாளு அங்க கெடக்கட்டும்."

"ஒளிஞ்சவனத்தான் தேடுவாங்க சாமுண்டி. தானா போயி சொன்னவன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் தெனமும் பாத்துகினு கீறேன்."

"அது உங்க கேட்டுல நடக்கும். எல்லா எடமும் உங்க கேட்டாய்யா?"

அவருக்கு அது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. பையன் கதவோரம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நைனா, நெசமா ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

"நான் கூட வர்றேன்ல. சொல்லிட்டு, கால்ல வுழுந்துட்டு, சாப்புடற நேரத்துக்கு ஊட்டுக்கு வந்துடலாம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி தேவராஜ் குளித்துவிட்டு வந்தான். சாமுண்டீஸ்வரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் திருமுல்லைவாயிலுக்கு பஸ் ஏறினார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

செங்கல்வராயன் வீட்டில்தான் இருந்தார். பட்டறை மூடிய மனிதர் வேறு எங்கே போவார்? சவரம் செய்யாத முகம், மடிப்புக் கலைந்த வேட்டி. வேம்புலி பழத்தையும் வெற்றிலை பாக்கையும் டீப்பாயில் வைத்தார். பையனின் தோளைத் தொட்டார். தேவராஜ் தடுமாறாமல் எல்லாவற்றையும் சொன்னான். பாஸ்வேர்டு, கடை, கேப்டன், கொடுத்தது. சொல்லி முடித்து அவர் காலில் விழுந்தான்.

செங்கல்வராயன் குனிந்து பையனைத் தூக்கி நிறுத்தினார். "உண்மையைச் சொன்னியேப்பா. உன் வயசுல இதுக்குப் பெரிய தைரியம் வேணும்" என்றார். வேம்புலியைப் பார்த்து, "உட்காருங்க, காபி சாப்பிட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேம்புலிக்குத் தெம்பு திரும்பியது. பார்த்தாயா என்பது போல மகனைப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு தேவராஜ் லேசாகச் சிரித்தான். காபி வந்தது. பையன் ஆற்றி ஆற்றி ரசித்துக் குடித்தான். இரண்டாவது தம்ளர் கிடைத்திருந்தாலும் குடித்திருப்பான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

வேம்புலிக்கு முதலில் புரியவில்லை. கான்ஸ்டபிள் உள்ளே வந்து பையனின் கையைப் பிடித்த பிறகுதான் புரிந்தது. "சார், நாங்க தானா வந்து சொன்னோம் சார்" என்று செங்கல்வராயனின் முன்னால் போய் நின்றார். "யாரும் புடிக்கல சார். நாங்களே வந்தோம்."

செங்கல்வராயன் சுவரைப் பார்த்துப் பேசினார். "நான் மன்னிச்சுட்டேங்க. சத்தியமா மன்னிச்சுட்டேன். ஆனா அதையெல்லாம் எழுதினது நான் இல்லைன்னு ஜெர்மனிக்குக் காட்ட எனக்கு ஒருத்தன் வேணும். என் பட்டறைப் பொம்பளைங்க வீட்டுல அடுப்பு எரியலை. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

அந்த மனிதர் மேல் கோபப்படக்கூட முடியாததுதான் கொடுமை. ஜீப்பில் ஏறும்போது தேவராஜ் அழவில்லை. "நைனா, கூட வர்றல்ல?" என்று மட்டும் கேட்டான். அவரும் ஏறி உட்கார்ந்தார்.

ஸ்டேஷனில் போலீசாருக்குக் கேப்டன் என்பவன் யார், அவன் வீடு எங்கே என்பதுதான் வேண்டியிருந்தது. தெரியாது என்று பையன் சொன்ன ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அறை விழுந்தது. வீடு இல்லாமல், பெயர் இல்லாமல், முகம் இல்லாமல் ஒரு கூட்டாளி இருக்க முடியும் என்று அங்கே யாரும் நம்பத் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால் அது பொய் மாதிரி இருந்தது. வெளி பெஞ்சில் உட்கார்ந்த வேம்புலிக்கு ஒவ்வொரு அறையும் கேட்டது. உள்ளே போகப் பார்த்தார், விடவில்லை. இவ்வளவு நாள் கேட்டில் நின்று மற்றவர்களைத் தடுத்த உடம்பை ஒரு சின்ன வயதுப் போலீஸ்காரன் ஒற்றைக் கையால் தடுத்து நிறுத்தினான்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வெளியே வந்து சிகரெட் பற்ற வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. வேம்புலியின் வேலையை விசாரித்தார். பிறகு அலுப்போடு சொன்னார். "இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எங்களுக்கு ஒண்ணும் பிடிபடலய்யா. ஆள் யாருன்னே தெரியல, இந்த மாசத்தோட கேஸை மூடிடலாம்னு இருந்தோம். நீயே கொண்டாந்து குடுத்துட்ட."

அவர் உள்ளே போன பிறகும் வேம்புலி நின்ற இடத்திலேயே நின்றார். கஜபதி சொன்னதுதான் நிஜம். அயோக்கியன் சொன்னது நிஜம், தான் மகனுக்குச் சொல்லி வளர்த்ததெல்லாம் பொய். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்தும் கொண்டார்.

வயதைப் பார்த்து, சிறுவர்களை அடைத்து வைக்கும் ஒரு இல்லத்துக்கு தேவராஜை அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸுக்குத் தனியாகத் திரும்பிவந்த புருஷனை சாமுண்டீஸ்வரி வாசலிலேயே பார்த்தாள். சாதம் வடித்து மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

"எங்கய்யா புள்ள?"

அவர் சொன்னார். அவள் கத்தவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. "அவன் உன்ன நம்பிதான்யா வந்தான்" என்றாள். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அவள் வேறு எந்தக் குற்றமும் அவர்மேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருக்கலாம்.

வேம்புலி வக்கீலைப் பார்த்தார், யூனியன் ஆட்களைப் பார்த்தார், செங்கல்வராயனிடமே திரும்பப் போய் அழுதார். அவரும் கூட வந்து, புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்டேஷனில் சொன்னார். இனிமேல் அது அவர் கையில் இல்லை, கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். ஆர்டரும் ஜெர்மனியிலிருந்து திரும்பி வரவில்லை. யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை, எங்கேயோ முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கேப்டனைத் தவிர.

பார்க்க விட்ட முதல் நாள், சாமுண்டீஸ்வரிக்குக் காய்ச்சலாக இருந்ததால் வேம்புலி மட்டும் போனார். கம்பி போட்ட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தேவராஜ் வந்து நின்றான். மொட்டை அடித்திருந்தார்கள். இடது காது வீங்கிக் கன்றிப்போய் இருந்தது.

"இன்னாடா ஆச்சு காதுக்கு?"

"வழுக்கி வுழுந்துட்டேன்."

"வழுக்கி வுழுந்தா காதுலயாடா படும்? பெரிய பசங்க அடிக்கிறாங்களா? வார்டனா? யார்னு சொல்லு கண்ணு. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா பயம்?"

தேவராஜ் அவரைப் பார்த்தான். கோபம் இல்லை. வெறுப்புகூட இல்லை. பெரியவர்கள் குழந்தையைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

"சொன்னா நீ யாரான்டயாச்சும் போயி சொல்லுவ நைனா" என்றான்.

வேம்புலி கம்பியைப் பிடித்துக்கொண்டார். இல்லை, சொல்ல மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து யாரோ நேரமாகிவிட்டது என்று கத்தினார்கள். பையன் திரும்பினான். இரண்டு அடி நடந்து நின்றான்.

"அடுத்த தபா அம்மா மட்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.